யாழ்ப்பாணக் கடற்கரை மணலில் வாகனம் இறக்குவதற்கு முன்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, எங்கே கேட்கவே கூடாது

"மணலில வாகனம் இறக்க எங்க பெர்மிற் எடுக்கிறது?" நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வரும் சொந்தக்காரர், கலியாணப் படம் எடுக்கும் தம்பிமார், பள்ளிக்கூடச் சுற்றுலா ஒழுங்குசெய்யும் ஆசிரியர் என்று பலரும் கேட்கும் கேள்வி இது. சுருக்கமான பதில்: கடற்கரையில் வாகனம் ஓட்டுவதற்கென்று தனியான அனுமதிப்பத்திரம் எதுவும் யாழ்ப்பாணத்தில் எந்தக் கந்தோரிலும் கொடுப்பதில்லை. கேரளத்தின் முழப்பிலங்காட்டில் கார்கள் அலையோரமாக ஓடுவதைக் காணொளியில் பார்த்தவர்கள் இங்கேயும் அப்படி ஒரு கரை இருக்கும் என்று நினைக்கிறார்கள். அங்கே மணல் இறுகிக் கிடக்கிறது, வாகனம் ஓட்டவே இடம் விட்டிருக்கிறார்கள். இங்கே அப்படி ஒதுக்கிய கரை இல்லை.

ஆகவே வாகனம் வீதியில் அல்லது தரிப்பிடத்தில் நிற்கும், ஆட்கள் நடந்து போவார்கள் என்பதுதான் பொது நிலை. அதை மீறி மணலில் இறங்க ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைப் பொறுத்துத்தான் அனுமதி தரும் இடமும் மாறும். பந்தல் போடுவதற்கு ஒரு இடம், படகு இழுப்பதற்கு இன்னொரு இடம், மணல் ஏற்றுவதற்கு வேறொன்று, சுண்டிக்குளம் பக்கம் போவதற்கு முற்றிலும் வேறொன்று. இந்த ஒழுங்கு தெரியாமல் ஒரு கந்தோரில் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் வந்து மறிக்கும்போது சண்டை பிடிப்பதால் பலன் இல்லை.

முதல் படி: எந்தக் கரை, எந்தச் சபை

யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள், ஆக 17 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. கரையோரம் இவற்றில் பலவற்றுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கசூரினா கடற்கரை காரைநகர்ப் பிரதேச சபைக்குள் வரும். சாட்டி வேலணைப் பிரதேச சபைக்குள். மணற்காடும் அதற்கப்பால் நீளும் வடமராட்சி கிழக்குக் கரையும் பருத்தித்துறைப் பிரதேச சபைக்குள். காங்கேசன்துறை, கீரிமலை, மயிலிட்டி எல்லாம் வலிகாமம் வடக்கு. பண்ணை மாநகர சபைக்கு உரியது. நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச சபை உண்டு. பருத்தித்துறையில் மட்டும் கவனமாக இருங்கள்: அங்கே நகர சபை ஒன்று, பிரதேச சபை இன்னொன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் கடிதம் அடிக்கடி மாறிப் போகிறது.

சபை கரையைப் பராமரிக்கிறது என்பதால் நிலம் சபையுடையது ஆகிவிடாது. அலை வந்து போகும் கரை அரசுக்குச் சொந்தம். எந்தத் தனியாரும், எந்த விடுதிக்காரரும் "இது எங்கட பீச், நீங்கள் தாராளமாக இறக்குங்கோ" என்று சொன்னால் அதை அனுமதியாக எடுக்க வேண்டாம். அவருடைய வளவுக்குள் வாகனம் நிறுத்த அவர் அனுமதிக்கலாம். வேலிக்கு வெளியே, மணலில், அவருக்கு அந்த உரிமை இல்லை.

இதற்கு மேல் இன்னொரு எல்லையும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் 'கரையோர வலயம்' என்று ஒன்றை வகுத்திருக்கிறது. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். கடலோடு தொடுக்கும் களப்பு, ஆறு என்றால் உட்பக்கம் இன்னும் நீளும். இந்த வலயத்துக்குள் நடக்கும் வேலைகளுக்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம் பொறுப்பு. நீங்கள் நிற்கும் இடம் எந்தப் பிரிவு என்று சந்தேகம் வந்தால் அந்த ஊர்க் கிராம அலுவலரைக் கேளுங்கள். ஊரில் விதானையார் என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். எல்லை அவருக்குத் தெரியும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

இரண்டாம் படி: உப விதியைக் கேட்டு வாங்குங்கள்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி சபைகள் உப விதிகள், அதாவது தங்கள் எல்லைக்குள் செல்லும் உள்ளூர் விதிகள், ஆக்கலாம். உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சரின் அங்கீகாரம் கிடைத்து, வர்த்தமானியில் வந்த பிறகுதான் அவை செல்லும். ஆகவே வாயிலில் நிற்பவர் சொல்வதும் பலகையில் எழுதியிருப்பதும் ஒரு புறம் இருக்க, சபையின் செயலாளரிடம் நேரே போய் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: கடற்கரை, பொது இடம், வாகனத் தரிப்பிடம் சம்பந்தமாக இப்போது அமுலில் உள்ள உப விதி எது? கட்டணம் எவ்வளவு, எதற்காக? மணலில் வாகனம் இறக்குவது பற்றி சபை ஏதாவது தீர்மானம் எடுத்திருக்கிறதா?

வாய்மூலம் பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். எழுத்தில் கேட்டு, கையளித்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தனிப்பட்ட ஒருநாள் பயணத்துக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால் ஆண்டுதோறும் கரையில் விளையாட்டுப் போட்டி நடத்தும் கழகங்களும் சுற்றுலா நடத்துபவர்களும் ஒருதரம் இதைச் செய்து ஒரு கோப்பில் வைத்துக்கொண்டால் வருடாவருடம் வாக்குவாதம் மிச்சம்.

கட்டணம் வாங்கும் இடத்தில் சபையின் பெயர் அச்சிட்ட பற்றுச்சீட்டு கேளுங்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: தரிப்பிடக் கட்டணம் கட்டியது தரிப்பிடத்துக்கு மட்டுமே. அந்தத் துண்டைக் காட்டி மணலில் இறங்க முடியாது.

மூன்றாம் படி: எதற்காகப் போகிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

சும்மா குளிக்க, பார்க்க என்றால் விடயம் இத்தோடு முடிந்தது. வாகனத்தைத் தரிப்பிடத்தில் விட்டு நடவுங்கள். கசூரினாவில் கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாமல் கிடப்பதால் சின்னப் பிள்ளைகள் கரையோரம் முழுக்கப் பரவி நிற்பார்கள். சனி, ஞாயிறுகளில் அங்கே மோட்டார் சைக்கிளைக் கூட மணலில் இறக்குவது ஆபத்து. அதற்கு நான் எந்தச் சாட்டும் ஏற்க மாட்டேன். வயதானவரை, நடக்க ஏலாதவரை அலையோரம் கொண்டுபோக வேண்டும் என்றால், சபை ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லி, இறக்கி ஏற்றும் நேரத்துக்கு மட்டும் வழி கேளுங்கள். மனிதருக்கு மனிதர் கேட்டால் பெரும்பாலும் வழி விடுவார்கள்.

கலியாணப் படம், விளம்பரப் படப்பிடிப்பு, பிறந்தநாள் பந்தல், கரப்பந்தாட்டப் போட்டி என்றால் சபையின் எழுத்து மூல அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி இருந்தால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் அனுமதியும் வேண்டும். பந்தல்காரரின் லொறி எந்த வழியால் உள்ளே வரும், எத்தனை மணிக்கு வெளியே போகும் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மேடையை மட்டும் எழுதிவிட்டு லொறியை மறந்துவிடுகிறார்கள். பிறகு வாயிலில் நின்று தர்க்கம் பண்ண வேண்டியிருக்கிறது.

இங்கே சட்டத்தில் ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். கரையோரம் பேணல் சட்டம் 'அபிவிருத்திச் செயற்பாடு' என்று சொல்வது, கரையோர வலயத்தின் இயற்கை அமைப்பை மாற்றக்கூடிய எந்த வேலையையும். கட்டடம், கழிவு கொட்டுதல், மணல், முருகைக்கல், சிப்பி, தாவரங்கள் அகற்றுதல், நிலம் நிரப்புதல் எல்லாம் அதற்குள் அடங்கும். மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் மரம் நடுவதும் அதற்கு வெளியே. அப்படியானால் லொறி ஒன்று மணலில் வந்து போவது ஒரு விடயம், அந்த லொறி வருவதற்காக மண்மேட்டைச் சீவி, கிறவல் கொட்டி, அடம்பன் கொடியை வெட்டி வழி எடுப்பது முழுக்க வேறு விடயம். இரண்டாவதற்குச் சபையின் கடிதம் போதாது, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விழா முடிந்ததும் திரும்ப மூடிவிடுவோம் என்று சொல்வது அனுமதிக்குப் பதிலாகாது. மூடிய இடத்தில் கொடி உடனே முளைப்பதும் இல்லை.

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாங்கள் சும்மா சொல்வதில்லை. மணற்காட்டில் ஒரு மண்மேட்டின் ஓரத்தில் குந்தி இருந்து பாருங்கள். கொடி ஓடும் இடத்தில் மணல் கணுக்கணுவாகப் பிடிபட்டுக் கிடக்கும், அதனருகே இராவணன் மீசைப் புல் நிற்கும். ஜீப் ஒன்று இரண்டுதரம் ஏறி இறங்கிய தடத்தில் கொடி நசுங்கி, கறுத்து, பிறகு காய்ந்து போகும். அடுத்த பலத்த காற்று அந்தத் தடத்தால்தான் நுழைகிறது. மணல் அங்கிருந்து அள்ளுண்டு போய் உள்ளே வீடுகளுக்கும் வீதிக்கும் வருகிறது. அந்த ஊரின் பழைய தேவாலயம் மணலில் புதைந்து சுவர்கள் மட்டும் தெரிய நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மணல் நகர்ந்தால் என்ன நடக்கும் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. அங்கே சவுக்கங்காடு வளர்த்ததும் அந்த மணலைக் கட்டிவைக்கத்தான். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்ததும் இதே கிழக்குக் கரைக்கு.

மணல் ஏற்றப் போகிறவர்களுக்கு: 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அகழ்வு உரிமம் ஒன்று, கொண்டுபோவதற்கான அனுமதி இன்னொன்று. சபையின் கடிதமோ, ஊர்ச் சங்கத்தின் சம்மதமோ இதற்கு ஈடாகாது. உழவு இயந்திரமும் டிப்பரும் பொலிஸில் மாட்டி நீதிமன்றத்துக்குப் போகும் செய்தி வடமராட்சிப் பக்கம் புதிதில்லை. முருகைக்கல்லை எடுக்கவும் வைத்திருக்கவும் ஏற்றிப் போகவும் கரையோரம் பேணல் சட்டமே தடை போட்டிருக்கிறது.

நான்காம் படி: மீனவர் சங்கத்திடம் முதலில் போங்கள்

வழிகாட்டியின் நான்காவது இடத்தில் எழுதினாலும், நடைமுறையில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். எங்கள் கரைகள் பெரும்பாலானவை வேலைத்தலங்கள். வெளியாருக்கு வெறும் மணலாகத் தெரியும் இடத்தில் ஒரு ஊரின் உழைப்பு விரிந்து கிடக்கும். படகு ஏறும் இடம், வலை உலரும் இடம், மீனவர் தங்கும் வாடி, மீன் ஏலம் கூறும் இடம், கருவாடு காயும் இடம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கரையில் நின்று கரைவலை இழுக்கும் இடங்களில் ஒவ்வொரு பாடும், அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டும், யாருக்கு என்று தெரியும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் கடற்றொழில் மற்றும் நீரியல் வளத் திணைக்களத்தின் அனுமதியோடு அதைச் செய்கிறார்கள்.

கரையில் கிடக்கும் வலைமேல் ரயர் ஏறினால் என்ன ஆகும்? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. வலையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்: மணலும் சிப்பி ஓடும் கண்ணிகளை அறுத்திருக்கும், மிதவை வெடித்திருக்கும், ஈயக்குண்டு கயிற்றில் இருந்து கழன்று கிடக்கும். அதைக் கடலில் விட்டுத் தூக்கும்போதுதான் கிழிசல் பெரிதாகும். ஒரு நாள் தொழில் போகும், வலை பொத்த இன்னும் நாட்கள் போகும். நங்கூரம் பாதி புதைந்து கிடப்பதும் உண்டு. கயிறு அலைப்பக்கமாக மணலுக்குள் ஓடிக் கிடக்கும். இரவில் அதில் மோட்டார் சைக்கிள் ஏறினால் ஓட்டுபவருக்குத்தான் முதல் ஆபத்து.

அந்த ஊரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. இறங்குதுறைக்குக் காலையில் போய்க் கேட்டால் தலைவரையோ செயலாளரையோ காட்டுவார்கள். மீன் வந்து இறங்கும் நேரத்தில் போய் மறிக்காதீர்கள், வேலை ஓய்ந்த பிறகு பேசுங்கள். "ஐயா, இந்தச் சனிக்கிழமை பின்நேரம் ஒரு வானும் ஒரு சின்ன லொறியும் இந்தப் பக்கத்தால இறக்க வேணும், உங்களுக்கு இடைஞ்சல் இல்லாத இடம் எது?" என்று கேளுங்கள். இடம் அவர்களே காட்டுவார்கள், எந்தப் பக்கம் மணல் புதையும் என்றும் சொல்வார்கள். சங்கத்திடம் ஒரு சிறு கடிதம் வாங்க முடிந்தால் சபைக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள். அது இருந்தால் மிச்ச வேலை சுலபம்.

கடற்றொழிலாளர் தங்கள் படகையும் வலையையும் கொண்டுவரப் பயன்படுத்தும் உழவு இயந்திரத்தைக் காட்டி "அவை ஓடலாம் என்றால் நாங்களும் ஓடலாம்தானே" என்று வாதாடுவது சரியில்லை. மீன்பிடி வேலைக்குச் சட்டமே இடம் விட்டிருக்கிறது. ஆனால் அவர்களுக்கும் எல்லை உண்டு. கரைவலையை உழவு இயந்திர வின்ச்சால் இழுப்பது பற்றி வடமராட்சி கிழக்கில் மீனவர்களுக்குள்ளேயே கடுமையான கருத்து வேறுபாடு இருந்து வருகிறது. கரைவலைக்கு உழவு இயந்திரம் வாங்க நினைப்பவர், காசைக் கட்டுவதற்கு முன் பகுதிக்குரிய கடற்றொழில் பரிசோதகரிடம் இப்போதைய நிலைப்பாட்டை எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: கேட்கவே கூடாத இடங்கள்

சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாக்கப்பட்டு, 2015இல் தேசிய பூங்காவானது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அங்கே முழுமையாகச் செல்லும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது, அனுமதி இருந்தாலும் அவர்கள் காட்டும் பாதையை விட்டு விலகக்கூடாது. மருதங்கேணி கடந்து தெற்கே கரையோரமாகப் போகும்போது பூங்கா எல்லை எங்கே தொடங்குகிறது என்று முன்பே கேட்டு வையுங்கள். நெடுந்தீவிலும் 2015இல் தேசிய பூங்கா ஒன்று வந்திருக்கிறது.

ஆமை முட்டை இடும் கரை எதுவானாலும் இரவில் வாகனம் வேண்டாம். இலங்கைக் கரைக்கு வரும் ஐந்து வகைக் கடலாமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. முட்டை மணலுக்குள் இருப்பதால் மேலே ஓட்டுபவருக்குத் தெரியாது. குஞ்சுகள் வெளிவந்து கடலை நோக்கிப் போகும்போது ஆழமான ரயர் தடத்துக்குள் விழுந்தால் ஏற முடியாமல் அங்கேயே கிடந்து காகத்துக்கும் நாய்க்கும் இரையாகும். முன்விளக்கு வெளிச்சம் அவற்றைத் திசைமாற்றும்.

மிதிவெடி அபாயம் இன்னும் பழைய கதையாகிவிடவில்லை. போர்க்காலத்தில் முன்னரங்கு ஓடிய நாகர்கோவில், முகமாலைப் பக்கம் போகும்போது ஊர்க்காரர் பாவிக்கும் தடத்தை விட்டு ஒரு சக்கரமும் விலகக்கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் திருப்பி வாருங்கள். பலகை விழுந்திருக்கலாம், மணல் மூடியிருக்கலாம் என்பதால் பலகை இல்லை என்பதை மட்டும் நம்பி இறங்கவும் வேண்டாம். ஊரில் ஒருவரைக் கேட்காமல் புது வழி பிடிக்காதீர்கள்.

வலிகாமம் வடக்கில் மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுவிக்கப்பட்டது. ஆனாலும் அந்தக் கரையில் பாதுகாப்புத் தரப்பு வைத்திருக்கும் இடங்கள் உள்ளன, காரைநகரில் கடற்படைத் தளம் உண்டு. வேலி, காவல் கொட்டில் கண்ட இடத்தில் நின்று கேளுங்கள். படம் எடுப்பதற்கும் இதே ஒழுங்கு.

திருவிழா நாட்களும் உண்டு. புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குக் கரை முழுக்கச் சனம் நிற்கும். ஆடி அமாவாசைக்குக் கீரிமலை நிறைந்துவிடும். அந்த நாட்களில் பொலிஸார் வாகனத்தை வெகு தூரத்திலேயே மறித்துவிடுவார்கள். அதுதான் சரி. தண்ணீர் வண்டியும் அம்புலன்சும் தடையில்லாமல் போய்வர வேண்டும்.

ஆறாம் படி: கடிதம்

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. செயலாளருக்கு முகவரியிட்டு, தவிசாளருக்குப் பிரதி போடுங்கள். இப்படி எழுதலாம்:

"எதிர்வரும் (திகதி) பிற்பகல் 2.00 மணி தொடக்கம் 6.00 மணி வரை (கரையின் பெயர்) கடற்கரையில் (நிகழ்வு) நடத்த உள்ளோம். பந்தல் பொருட்களை இறக்குவதற்கு ஒரு சிறிய லொறி (இலக்கம்) பிற்பகல் 1.00 மணிக்கு உள்ளே வந்து அரை மணி நேரத்துக்குள் வெளியேறும், மாலை 6.30 மணிக்கு மீண்டும் வரும். ஏனைய வாகனங்கள் தரிப்பிடத்தில் நிற்கும். இப்பகுதிக் கடற்றொழிலாளர் சங்கத்தின் சம்மதக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. மண்மேடு, தாவரங்கள் எதற்கும் சேதம் ஏற்படுத்த மாட்டோம். குப்பைகளை நாமே அகற்றுவோம். பொறுப்பாளர்: (பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி)."

கரையின் சிறு வரைபடம் ஒன்றைக் கையாலேயே வரைந்து, லொறி வரும் வழியையும் நிற்கும் இடத்தையும் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். அலுவலர் ஒருவர் வாசிப்பதை விடப் படத்தைப் பார்த்து விரைவில் முடிவெடுப்பார். நிகழ்வுக்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். கட்டணமோ மீளளிக்கும் வைப்புப் பணமோ கேட்டால் பற்றுச்சீட்டுடன் கட்டி, அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்றைப் பொலிஸ் நிலையத்துக்கும் கொடுங்கள். மூலப்பிரதி வாகனத்திலேயே இருக்கட்டும்.

ஏழாம் படி: வாகனமும் ஓட்டுபவரும்

மணலில் பத்து மீற்றர்தானே என்று நினைத்து ஆவணங்களை வீட்டில் விட்டுவிட வேண்டாம். சாரதி அனுமதிப்பத்திரம், அந்த ஆண்டுக்கான வருமான உத்தரவுப் பத்திரம், காப்புறுதி மூன்றும் வேண்டும். மோட்டார் சைக்கிள் என்றால் தலைக்கவசமும் வேண்டும். பதினாறு வயதுத் தம்பியிடம் "கடற்கரைதானே, ஓட்டிப் பழகு" என்று திறப்பைக் கொடுப்பது அன்பு இல்லை. அங்கே ஓடித்திரியும் பிள்ளைகளை நினையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கத்தைய அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்து இங்கே ஓட்ட முடியாது. இலங்கையில் அங்கீகாரம் பெற்ற சர்வதேச அனுமதிப்பத்திரமோ, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் தரும் தற்காலிக அனுமதிப்பத்திரமோ வேண்டும். வாடகை வாகனம் என்றால் ஒப்பந்தத்தை முழுக்க வாசியுங்கள். வீதிக்கு வெளியே ஓடியதால் வந்த சேதம், உப்புத் தண்ணீரால் வந்த சேதம் இரண்டையும் காப்புறுதி ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் ஒன்றே பலரை வீதியில் நிறுத்திவிடுகிறது.

எட்டாம் படி: அனுமதி கிடைத்து மணலில் இறங்கும்போது

முதலில் இறங்கி நடந்து பாருங்கள். குதிக்கால் புதைந்தால் கார் புதையும். கிழக்குக் கரை மணல் தளர்வானது. களப்புப் பக்கம் மேலே காய்ந்த மணல்போலத் தெரிந்தாலும் கீழே சேறு. வடக்குக் கரையில் பல இடங்கள் கல், அங்கே மணலில் ஓடுவது என்ற பேச்சே இல்லை. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் பெரிதில்லை என்பதால் அலையோரம் இறுகிய அகலமான பாதை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாரி காலத்தில் கிழக்குக் கரையின் உருவமே மாறும். போன வருடம் லொறி வந்த வழி இந்த வருடம் இருக்காது.

ரயர் காற்றை 30 பி.எஸ்.ஐ. அளவிலிருந்து 20 அளவுக்குக் குறைத்தால் சக்கரம் மணலில் பரவி நிற்கும். வெளியே வந்ததும் திரும்ப அடிக்க ஒரு பம்ப் வேண்டும், குறைந்த காற்றோடு தார் வீதியில் வேகமாக ஓடக்கூடாது. நடைவேகத்தில், ஒரே சீராக, முதல் போன தடத்திலேயே போய் அதே தடத்தில் திரும்பி வாருங்கள். வட்டமடிக்க வேண்டாம். கொடி ஓடும் மேட்டின் மேல் ஏற வேண்டாம், நனைந்த மணலில் நிறுத்தவும் வேண்டாம். ஒருவர் முன்னால் நடந்து வழி காட்டட்டும், வலையும் கயிறும் அவர் கண்ணுக்கே தெரியும். வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள்.

சில்லுப் புதைந்தால் வேகம் கொடுக்காதீர்கள், இன்னும் ஆழம் போகும். மணலைக் கையால் தோண்டி, பலகையோ கால்மிதியோ வைத்துப் பாருங்கள். சவுக்குக் கொப்பு முறித்துப் போடுவது வழக்கமாகிவிட்டது, அதைச் செய்யாதீர்கள். சரிவராவிட்டால் பக்கத்தில் உழவு இயந்திரம் வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவருடைய நேரத்துக்கும் டீசலுக்கும் கேட்கும் காசைக் கொடுங்கள். எண்ணெய் கசிந்தால் அந்த மணலை அள்ளிப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: மற்றவர் மீறும்போது

கடற்கரையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுபவர்களை நேரே மறித்துச் சண்டைக்குப் போகாதீர்கள். வாகன இலக்கம், நேரம், இடம் தெரியப் படம் எடுங்கள். ஆட்களுக்கு ஆபத்து என்றால் 119க்கு எடுங்கள். யாருக்காவது அடிபட்டால் 1990 அம்புலன்ஸ். மணல் ஏற்றுவதோ மண்மேட்டை வெட்டுவதோ என்றால் பொலிஸுக்குச் சொல்வதோடு, கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கும், கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். ஆமைக்கோ பறவைக்கோ சேதம் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு.

முறைப்பாட்டில் "வாகனங்கள் தொல்லை தருகின்றன" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் போட்டுவிடுவார்கள். "இந்தத் திகதி, இந்த நேரம், இந்த இலக்க டிப்பர், இந்த மதகுக்குக் கிழக்கே 200 மீற்றரில்" என்று எழுதினால் ஒருவர் வந்து பார்த்தே ஆக வேண்டும். அனுப்பும் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கட்டாயம் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கொடுங்கள். அதிகாரிகள் விசாரிக்க வரும்போது கரையில் இருந்து நடந்ததைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.